அந்தக் குரல் பதிவை அனுப்பியது நான் இல்லை

மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. இனியும் பேசாமல் இருந்தால் நான்தான் செய்தேன் என்று ஆகிவிடும். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

சனிக்கிழமை வேன் கவிழ்ந்த கதையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. எந்த மலை வளைவு, எந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் சுற்றிய அந்தக் குரல் பதிவும் உங்கள் போனுக்கு வந்திருக்கும். வோக்கி டோக்கி இரைச்சல், நடுவில் சிங்களத்தில் ஒரு குரல். அதற்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான் “மூணு பேர் ஸ்பொட்டிலேயே சரி” என்று தமிழில் எழுதியிருந்தார்.

ஒருவரும் சாகவில்லை. ஒருவர்கூட.

ஆனால் அந்த வேனில் போன ஒரு பையனின் அம்மா, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றபோது, பக்கத்தில் இருந்த பிள்ளை போனில் அதைப் போட்டிருக்கிறது. கொழுந்துக் கூடையோடு அப்படியே விழுந்தார். மகன் அந்த நேரம் கையில் பிளாஸ்டரோடு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவர் அதே ஆஸ்பத்திரிக்கு மயக்கத்தில் தூக்கி வரப்பட்டார்.

இதற்குப் பிறகுதான் என் பெயர் வந்தது. “ரேடியோக் கடை மாமாவா இருக்கும், அவர் வீட்டுக் கூரையிலதான் ஏரியல் கம்பி நிக்குது.” இதை எழுதியவன் என்னை மாமா என்று கூப்பிடுகிறவன். அவன் படிக்கிற காலத்தில் வீட்டு ரேடியோவைக் காசு வாங்காமல் மூன்று தடவை செய்து கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லிக்காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் வலிக்கிறது, தம்பி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். கேட்பது வேறு, பரப்புவது வேறு. முப்பது வருடமாக நான் கேட்கிறவன். ஒரு நாளும் பரப்பியதில்லை.

நான் கேட்பது விமானப் பேச்சு. 118 மெகாஹேர்ட்ஸிலிருந்து 137 வரை. அந்த அலை நேர்கோட்டில் போகும், மலையைச் சுற்றி வளைந்து வராது. 35,000 அடியில் போகிற விமானம் பேசினால் 400 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் வரும். கட்டுநாயக்க விமான நிலையக் கோபுரத்தில் பேசுவது எங்கள் பள்ளத்துக்கு வராது. அதனால் அந்தப் பக்கத்துப் பேச்சில் எனக்குக் கிடைப்பது பாதிதான். விமானி சொல்கிற பதில் காதில் விழும், கோபுரத்தின் கேள்வி விழாது. மலைக்குள் இருந்து ரேடியோ கேட்கிற எவனுக்கும் முதலில் புரிவது இதுதான்: உன் காதில் விழுவது முழுப் பேச்சு இல்லை.

அந்தப் பதிவை ஞாயிறு ராத்திரி ஹெட்போனைப் போட்டு இருபது தடவையாவது கேட்டேன். “துன்தெனெக் மெரில” என்று வருகிறது. மூன்று பேர் செத்துவிட்டார்கள் என்று அர்த்தம், சரி. ஆனால் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். பேசி முடித்துப் பொத்தானை விடுகிற ‘கிஸ்க்’ சத்தத்துக்குள் ஒரு ‘த’ அமுங்கிக் கிடக்கிறது. “மெரிலத?” சிங்களத்தில் கடைசியில் ‘த’ வந்தால் அது கேள்வி, நம்முடைய ‘ஆ’ மாதிரி. அவர் செய்தி சொல்லவில்லை ஐயா, மூன்று பேர் செத்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறார். கீழே பள்ளத்தில் இருந்தவர் சொன்ன ‘இல்லை’ மலைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. பதிவு செய்தவனுக்குக் கேள்வி மட்டும் கிடைத்தது, அதிலும் வால் அறுந்த கேள்வி. அதைத்தான் செய்தியாக்கி அனுப்பினான்.

விமானத்தில் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் திருப்பிச் சொல்கிற வழக்கம் வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டாளர் “இந்த உயரத்துக்கு இறங்கு” என்றால் விமானி அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் அந்த நிமிடமே திருத்துவார்கள். அத்தனை ஒழுங்கு இருந்தும் 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் செத்தார்கள். பனிமூட்டம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசியதில் முக்கியமான வார்த்தைகள் ஒரு கீச்சுச் சத்தத்துக்குள் மூழ்கிப்போயின. படித்த, பயிற்சி எடுத்த விமானிகளுக்கே பாதிப் பேச்சு எமனானது. வட்ஸ்அப் குழுவில் யார் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள்?

எனக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: அப்பாவிடமிருந்து. 1974 டிசம்பர் 4 ராத்திரி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் போக, கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டின் எயார் விமானம் நோர்ட்டன் பிரிட்ஜுக்குக் கிட்ட ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. விமான நிலையத்துக்குக் கிட்ட வந்துவிட்டதாக விமானிகள் நினைத்துக்கொண்டு, நம்முடைய மலைக்கு மேலே நின்றபடி தாழ இறங்கியிருக்கிறார்கள். அப்பா அப்போது அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை. சத்தம் கேட்டு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் எழும்பினார்களாம். விடிந்ததும் ஏறிப்போனவர்களில் அவரும் ஒருவர். பார்த்ததைப் பற்றிச் சாகும்வரை எங்களிடம் அதிகம் பேசவில்லை. ஒன்றை மட்டும் சொல்வார்: “மேல போறவன் என்ன பேசுனான்னு யாருக்காச்சும் கேட்டிருந்தா, ‘மலை இருக்குடா’ன்னு சொல்லியிருக்கலாம்ல.” சொல்லியிருக்க முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் ரேடியோ செட்டை வாங்கியபோது அந்தப் பேச்சுத்தான் மனதில் இருந்தது. இன்றைக்கும் ராத்திரி மழையில் ஒரு விமானி உயரத்தைச் சொல்லும்போது கை தன்னால் சத்தத்தைக் கூட்டும்.

சரி, “கேட்பதே தப்புத்தானே” என்று ஒரு படித்தவர் இன்பொக்ஸில் வந்தார். சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளின் 17ஆவது உறுப்புரையை அனுப்பியிருந்தார். எனக்கும் தெரியும் ஐயா, பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் எடுத்தவன் நான். பொதுமக்களுக்கென்று அனுப்பாத பேச்சை அனுமதியில்லாமல் கேட்பதையும், கேட்டதை வெளியிடுவதையும் நாடுகள் தடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பிரிட்டனில் விமானப் பேச்சைக் கேட்பதே சட்டவிரோதம். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். கேட்பதை வைத்து என்னைக் குற்றம் சொல்லுங்கள், தலை குனிந்து நிற்கிறேன். பரப்பினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

“அந்தப் பதிவால்தானே உதவிக்கு அத்தனை பேர் ஓடினார்கள்” என்கிறார்கள். நானும் போனேன். இரண்டு பக்கமும் ஓட்டோ, மோட்டார் சைக்கிள், போனைத் தூக்கிப் பிடித்த கைகள். அம்புலன்ஸ் திரும்ப இடமில்லாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

உதவுவது என்றால் என்னவென்று சுனாமியில் பார்த்தோம். 2004இல் தொலைபேசி செத்துக் கிடந்தபோது இலங்கை வானொலிச் சங்கத்து அமெச்சூர்காரர்கள் அம்பாந்தோட்டைக்கு செட்டோடு போய்க் கொழும்புக்குத் தொடர்பு எடுத்துக் கொடுத்தார்கள். யாருக்கு வேண்டிய செய்தியோ அவருக்குப் போனது. ஊருக்கு ஒலிபரப்பவில்லை.

ஆனால் “எங்களுக்கு யாரும் தமிழில் ஒன்றும் சொல்வதில்லை, அதனால்தான் ஒட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது” என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது. அந்த மலை இறங்கும் என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை யாருடைய மேசையில் கிடந்தது? மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று இப்போது மண்சரிவு அறிவித்தல் வருகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அது ராத்திரி 11 மணிக்கு லயத்து மூலைக் காம்பராவில் தூங்குகிற ஆச்சிக்கு அவருடைய மொழியில் போய்ச் சேர்கிறதா? தங்கச்சி சொன்னது உண்மை. நம்முடைய சாவைக்கூட நாம் அடுத்தவன் பேச்சை ஒட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது, உங்களைவிட அதிகமாகவே இருக்கிறது. அதற்காக ஒரு தாயைக் கொழுந்து மடுவத்தில் விழ வைப்பதா?

என் கூரைக் கம்பியைப் பற்றிப் பேசுகிற பிள்ளைகளுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். யுத்த காலத்தில் தமிழன் கையில் ஒரு வயர்த் துண்டு இருந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் கடைக்கு வந்தவர்கள், செய்ய வந்திருந்த ஏழு ரேடியோவின் முதுகையும் கழற்றிப் பார்த்துவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம் விட்டார்கள். அன்றைக்கு அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: “நீ கேட்டு யாருக்குச் சொல்கிறாய்?” யாருக்கும் இல்லை என்றேன். அது வேறு காலம், அவர்கள் வேற்று ஆட்கள், மறந்துவிட்டேன். அதே கேள்வியை என் டவுன்காரர்களே எழுதியதை வாசித்தபோது கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நேற்று அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். “நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும் அண்ணே” என்றார். அவ்வளவுதான் பேசினோம். மகன் இடது கையால் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

நான் கம்பியைக் கழற்றப்போவதில்லை. யாருக்காவது சந்தேகம் இருந்தால் கடைக்கு வாருங்கள், செட்டைப் போட்டுக் காட்டுகிறேன், என்ன கேட்கிறது என்று நீங்களே கேளுங்கள். அந்தப் பதிவு இன்று காலை ஏழு மணிக்கும் மூன்று குழுக்களில் இருந்தது. அட்மின்மார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதமாட்டேன். இன்றைக்குள் அழித்துவிடுங்கள்.