ஏழு வருஷம் பிரிந்திருந்தால் கல்யாணம் ரத்தாகாது

மேலே ஒருவர், “அந்தக் கால இங்கிலாந்தில் புருஷன் ஏழு வருஷம் கடல் கடந்து போய்விட்டால் கல்யாணம் தானாகவே முறிந்துவிடும், அதனால் மனைவி கல்கத்தாவுக்கே கப்பலேறி அவனைத் தேடிப் போகிற நாவல்களில் லாஜிக்கே இல்லை” என்கிறார். பாதிதான் சரி.

1603-ம் ஆண்டின் இருதார மணச் சட்டத்தில் அந்த ஏழு வருஷம் இருப்பது உண்மை. ஆனால் அது தந்தது தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே. மறுமணம் செய்தவளைத் தூக்கில் போட மாட்டார்கள், அவ்வளவுதான். முதல் புருஷன் உயிரோடிருந்தால் இரண்டாவது கல்யாணம் செல்லாது, பிள்ளைகளுக்கும் வாரிசுரிமை கிடையாது. ஒருநாள் அவன் மூட்டையோடு வாசலில் வந்து நின்றால் அவள் இன்னமும் அவன் மனைவிதான்!

அப்போது முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. நீதிமன்றமே விவாகரத்து தரலாம் என்ற 1857 சட்டம் வரும்வரை அப்படி அதைப் பெற்ற பெண்கள் வெறும் 4 பேர். (ஸ்காட்லாந்து கதை வேறு. அங்கே 1573-லிருந்தே, 4 வருஷம் கைவிட்டுப் போனால் விவாகரத்து கேட்க முடிந்தது.)

ஆகவே நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் வாந்தியெடுத்துக்கொண்டே அவள் போவதில் லாஜிக் இருக்கிறது. போய் இறங்கியதும் மூன்றாம் அத்தியாயத்திலேயே அவனை மன்னிக்கிறாளே, அதில் லாஜிக் எங்கே என்று கேளுங்கள்.