கன்னம் உப்பினால் ஓவர் ஆக்டிங்கா?

அந்த 20 செகண்ட் வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். யார் போட்டது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை, எல்லோரும் பார்த்ததுதான். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி நாதஸ்வரம் வாசிக்கும் இடத்தை வெட்டி, சத்தத்தை எடுத்துவிட்டு, கன்னமும் புருவமும் அசைவதை மட்டும் ஓடவிட்டு 'ஓவர் ஆக்டிங்' என்று சிரிக்கிறார்கள். நாதஸ்வரத்தை ஊமையாக்கிவிட்டு நாதஸ்வரக்காரன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பது என்ன ரசனை?

நாதஸ்வரம் வாசிக்கிறவர் முகம் அப்படித்தான் இருக்கும். அது நடிப்பில் கூடிப்போனது இல்லை, வாத்தியம் கேட்கிற உழைப்பு. இரண்டரை அடிக்கு மேல் நீளமுள்ள ஆச்சா மரக் குழல். மேலே கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாயில் செருகிய சீவாளி, அதுதான் ஊதுகிற நாக்கு; கீழே அணசு என்கிற விரிந்த வாய். கொறுக்கை என்கிற நாணலில் செய்கிற அந்தச் சின்னச் சீவாளியை வாயில் வைத்து ஊறவைத்துப் பதமாக்க வேண்டும். காய்ந்திருந்தால் கீச்சிடும், அதிகம் ஊறினால் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மாற்றுச் சீவாளிகளைக் கயிற்றில் கோத்து வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். விரல் வைக்கிற துளை 7. ஆனால் விரல் மட்டும் போதாது. ஒரு ஸ்வரத்தை அசைக்க உதட்டின் அழுத்தம் மாற வேண்டும், காற்றின் வேகம் மாற வேண்டும். அப்போது கழுத்து நரம்பு புடைக்கும், கன்னம் உப்பும், புருவம் ஏறும். கோயில் வாசலில் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற ஒரு மல்லாரியைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு இது தெரியும்.

சிவாஜிக்கு இருந்த சிக்கல் இதைவிடப் பெரியது. பாட்டு முன்பே பதிவாகிவிட்டது. வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படப்பிடிப்பில் அது ஸ்பீக்கரில் ஓடும். வாய்ப்பாட்டு என்றால் உதடு பிடித்துக்கொள்ள வார்த்தை இருக்கிறது. இங்கே வெறும் ஸ்வரம். விரல் தாளத்தில் அரை அட்சரம் பிந்தினாலும் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். நிஜமாக ஊதவும் முடியாது. சீவாளிக்குள் காற்று போனால் வாத்தியம் பேசிவிடும், ஸ்பீக்கர் கேட்காது. ஊதாமலே ஊதுகிற கன்னம் வேண்டும், கழுத்து வேண்டும், ஒரு சங்கதி, அதாவது ஒரு இசை வரி, முடிந்து மூச்சு வாங்குகிற இடம் சரியாக அதே இடத்தில் விழ வேண்டும். இவ்வளவையும் செய்துகொண்டே கர்வத்தையும் காதலையும் காட்ட வேண்டும். அதைத்தான் அந்த மனிதர் செய்தார்.

டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர் நிஜமாகவே வாசிக்கிறார் என்று நம்பினேன். இன்று தெரிந்தபிறகும் அந்த நம்பிக்கை கலையவில்லை.

'நலந்தானா' பாட்டைப் பாருங்கள். கத்திக் காயம் பட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறார் சிக்கல் சண்முகசுந்தரம், சிவாஜி நடித்த அந்த நாதஸ்வர வித்வான். எதிரே பத்மினி ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறார். வாயில் சீவாளி, விரல் துளையில், வாய் திறந்து ஒரு சொல் பேச வழியில்லை. மிச்சம் இருப்பது கண் மட்டும். அந்தக் கண் கலங்குகிறதே, அதற்குப் பெயர் ஓவர் ஆக்டிங்கா?

எழுபதுகளில் வந்த சில படங்களில் கூடிப்போனது உண்மைதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்து இதை அளக்காதீர்கள். நாடகப் பாணி என்பீர்கள். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும் என்று கற்றவர் அவர். அதே மனிதர் 1985-இல் 'முதல் மரியாதை'யில் எவ்வளவு அடங்கி நின்றார்! கேமரா பக்கத்தில் வந்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தெரியாதவரா? நீ ரசிகன், அப்படித்தான் பேசுவாய் என்பீர்கள். ஆமாம், ரசிகன்தான்.

எனக்கு வலிப்பது அந்த வீடியோ மட்டும் இல்லை. 'தில்லானா மோகனாம்பாள்' சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது. ஒளிப்பதிவாளர் கே.எஸ். பிரசாத்துக்கும் விருது கிடைத்தது. சண்முகசுந்தரமாக வாழ்ந்தவருக்கு இல்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக 1960-இல் கெய்ரோ படவிழாவில் சிறந்த நடிகர் என்றார்கள். 1995-இல் பிரான்ஸ் தன் செவாலியே விருதைக் கொடுத்தது. நம் நாட்டில் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கடைசிவரை அவருக்கு வரவில்லை. 'தேவர் மகன்' படத்துக்கு ஒரு சிறப்பு நடுவர் விருது, அவ்வளவுதான். சினிமாவுக்கான உயரிய பால்கே விருது வரும்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிவிட்டது. உயிரோடு இருந்தபோது அப்படி, போய் இத்தனை வருடம் கழித்து இப்படி.

என் நட்புப் பட்டியலில் இருந்துகொண்டு அந்த வீடியோவுக்குச் சிரிப்பு எமோஜி போட்ட தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசிக்கிறவருக்கு நாலடி தள்ளி ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள். அவர் கன்னத்தையும் கழுத்தையும் விரலையும் பாருங்கள். பிறகு அந்தக் காட்சியைச் சத்தத்தோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கப்புறமும் சிரிப்பு வந்தால் சொல்லுங்கள், பேசலாம்.