ஈஸியான ரோடு கேட்டால் ஏன் ஸ்டெல்வியோவைக் காட்டுகிறீர்கள்?

ஏப்ரலில் காரில் இத்தாலி போகிறோம், பின்சீட்டில் வயதான அம்மா, வளைவு அதிகமானால் அவருக்குக் குமட்டும், மலையும் கிராமமும் பார்க்க வேண்டும், சிரமமில்லாத வழி எது? கேள்வி இவ்வளவுதான். யாரிடம் கேட்டாலும் முதல் பதில் ஸ்டெல்வியோ, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும் ஒரு பாதை. வாழ்க்கையில் ஒருமுறையாவது ஓட்டணுமாம். கூடவே ஒரு வீடியோ.

ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து பிராட்டோ ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் அந்தப் பக்கம் மட்டுமே 48 கொண்டை ஊசி வளைவுகள். 1820-களில் ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் போட்ட பாதை அது. பெரிய சாதனைதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த வளைவில் பாதி திரும்பும்போது எதிரே பஸ் வந்து நிற்கும். முன்னால் சைக்கிள்காரர்கள் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருப்பார்கள், பின்னால் மோட்டார் சைக்கிள்கள் முட்டும். குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும், வழக்கமாக மே கடைசி வாக்கில்தான் திறப்பார்கள். ஏப்ரலில் போகிறோம் என்று சொன்ன பிறகும் அதையே சொல்கிறார்கள். கேட்ட கேள்வியைக் காதில் வாங்குவதே இல்லையா? ஸ்டெல்வியோ வேண்டாம் என்றால் அடுத்து காவியா கணவாய். அது இன்னும் மோசம், சில இடங்களில் ஒரு கார் போகும் அகலம்தான்.

சரி, மனிதர்கள்தான் இப்படி, மேப்பைக் கேட்போம் என்றால் அதற்குத் தெரிந்தது நிமிஷக் கணக்கு மட்டும். சாலை எவ்வளவு அகலம், எத்தனை வளைவு, ஓரத்தில் தடுப்பு இருக்கிறதா, இதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. டோல் வேண்டாம், படகு வேண்டாம் என்று சொல்ல வழி வைத்தவர்களுக்கு, குறுகலான மலைப்பாதை வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன் வைக்கத் தோன்றவில்லை. இத்தாலியில் ஊருக்கு வெளியே சாதாரணச் சாலைகளின் பொது வேக வரம்பு மணிக்கு 90 கி.மீ. தனிப் பலகை வைக்காத வரை நல்ல இருவழிச் சாலைக்கும் அதே 90, இரண்டு கல்சுவருக்கு நடுவே போகும் சந்துக்கும் அதே 90. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே!

டஸ்கனி மாநிலத்தில் மொன்டல்சீனோ என்ற ஊர்ப் பக்கம் எங்களுக்கு நடந்தது இது. நல்ல தார்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். சில நிமிஷம் மிச்சமாகும் என்று மேப் இடது பக்கம் திருப்பிவிட்டது. கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து வெள்ளைச் சரளை ஆரம்பித்தது. டஸ்கனி முழுக்க இந்த வெள்ளை மண் சாலைகள் உண்டு, நடப்பதற்கு அருமையானவை. எங்களுக்கோ செங்குத்தான இறக்கம், ஒரு பக்கம் திராட்சைத் தோட்டத்து வேலி, மறுபக்கம் பள்ளம், எதிரே டிராக்டர். பிரேக்கை மிதித்தால் சக்கரம் சரளையில் வழுக்குகிறது. பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு, ஒரு தோட்டத்து கேட் வரை பின்னோக்கியே மேலே ஏற்றினேன். கண்ணாடியெல்லாம் தூசி. அம்மா ஒரு கையால் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பிளாஸ்டிக் கவரை வாயருகே வைத்திருந்தார். அந்தச் சில நிமிஷத்தை மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்?

இதைச் சொன்னால், ஓட்டத் தெரியாதவன் மலைக்கு ஏன் வருகிறாய் என்கிறார்கள். ஓட்டத் தெரியும். கூட வருகிறவர்களும் வழியை ரசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதில் என்ன தப்பு? 'நெடுஞ்சாலையில் போனால் ஒன்றும் தெரியாது' என்பது அடுத்த அளப்பு. ஆஸ்திரிய எல்லையில் இருக்கும் ப்ரென்னர் கணவாய் வெறும் 1,370 மீட்டர் உயரம்தான். அதைத் தாண்டி இறங்கும் ஏ22 நெடுஞ்சாலை ஆற்றுப் பள்ளத்தாக்கோடே போகிறது, இரண்டு பக்கமும் மலை, சரிவெல்லாம் திராட்சையும் ஆப்பிளும்.

டஸ்கனிக்கும் சுலபமான வழி இருக்கிறது. சியெனாவிலிருந்து காஸியா சாலையைப் பிடித்து புவோன்கொன்வெந்தோ வழியாக சான் குயிரிக்கோ வரை போகலாம். அகலமான சாலை, இதமான வளைவுகள். படங்களில் பார்க்கும் அந்த சைப்ரஸ் மரக் கூட்டம் சாலையிலிருந்தே தெரியும். இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நாங்களே தேடி எடுத்தோம்.

டோலோமைட் மலைகள் பார்க்க வேண்டுமா? செல்லா, போர்டோய், ஜாவு என்ற கணவாய்கள் மூன்றும் 2,200 மீட்டருக்கு மேல், மூன்றிலும் கொண்டை ஊசிகள். அவற்றை விட்டுவிட்டு ப்ரெஸ்ஸனோனே பக்கம் ஏ22-வை விட்டு இறங்கி, புஸ்தேரியா பள்ளத்தாக்கு வழியாக டோபியாக்கோ போங்கள். அங்கிருந்து தெற்கே கோர்ட்டினாவுக்குத் திரும்பினால் வழியிலேயே 'த்ரே சீமே' என்ற புகழ்பெற்ற மூன்று சிகரங்களும் தெரிகிற இடம் வரும். அந்தப் பாதையின் உச்சி 1,530 மீட்டர்தான், ஏறுவதே தெரியாது. ஆகஸ்ட்டில் கூட்டம் இருக்கும், லாரிகளும் வரும். வரட்டும். நெரிசலில் நின்றால் நேரம்தான் போகும், அம்மாவுக்குக் குமட்டாது.