அசிடைல்சிஸ்டீன் பற்றி ஒரு திருத்தம்

ஆஞ்சியோகிராமுக்கு (இரத்தக் குழாயில் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே படம்) முன் அசிடைல்சிஸ்டீன் மாத்திரை சாப்பிட்டால், அந்தச் சாயத்தால் வரும் பாதிப்பிலிருந்து சிறுநீரகம் தப்பிக்கும் என்று கட்டுரையில் இருப்பதைத் தயவுசெய்து திருத்துங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமான சுமார் 5,000 பேரிடம் நடந்த ‘பிரிசர்வ்’ ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அந்த மாத்திரையாலும் சோடியம் பைகார்பனேட் டிரிப்ஸாலும் கூடுதல் பலன் இல்லை என்று அதில் தெரிந்துவிட்டது. சாதாரண சலைன் போதும். இதயம் பலவீனமாக இருந்தால் அதையும் அளவோடுதான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சாயத்தின் அளவைக் குறைப்பதுதான் உண்மையில் கைகொடுக்கும். அப்புறம், மூட்டுவலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போடுகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய. அதுவும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. டாக்டர் கேட்காவிட்டாலும் அதை நாமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மாரடைப்பு நேரத்தில் இதற்கெல்லாம் பயந்து ஆஞ்சியோவைத் தள்ளிப்போடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆஞ்சியோ முடிந்து 2, 3 நாள் கழித்துக் கிரியேட்டினினை (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) மறுபடி பாருங்கள். அன்றைக்கே பார்த்தால் ஏறியது தெரியாது.