சலுகை பத்தாம் வகுப்பில், தேவை இரண்டாம் வகுப்பில்

பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் நம் ஊரில் பல பெற்றோர், வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்ஸியாவுக்குச் சான்றிதழ் வாங்க அலையத் தொடங்குகிறார்கள். கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றை அரசுத் தேர்வுத் துறை அளிக்கிறது. இவை அவசியமானவை, இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பதினைந்து வயதில் கையில் கிடைக்கும் சான்றிதழ், ஏழு வயதில் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சிக்கு ஒருபோதும் ஈடாகாது.

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவனின் நோட்டை அண்மையில் பார்த்தேன். 'கொடி' என்பது 'கெடி' ஆகியிருந்தது, 'பள்ளி' ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது, ஓரத்தில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று இருந்தது. அதே பாடத்தைப் படித்துக் காட்டியதும், கதை முழுவதையும் ஒரு நிகழ்ச்சிகூட விடாமல் அவன் திருப்பிச் சொன்னான். "நாலு அடி போட்டா சரியாயிடும்னு சொல்றாங்கக்கா" என்றார் அவனுடைய அம்மா. பாடத்தை இத்தனை கவனமாகக் கேட்டு மனத்தில் வைத்திருக்கும் பிள்ளையிடம் இல்லாதது கவனம் அல்ல.

எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் இத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மெய்யெழுத்தின் முன்னும் பின்னுமாகக் கொம்பும் காலும் நிற்கும் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளும், ல-ள-ழ, ன-ண-ந வேறுபாடுகளும் தமிழில் அவர்களைத் திணறடிக்கின்றன. ஒலிக்கும் எழுத்துக்கும் சீரான பொருத்தமில்லாத ஆங்கிலம் இன்னும் கடினம். அந்த இரண்டையும் எல்கேஜியிலேயே ஒருசேரத் தலையில் ஏற்றுகிறோம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, எழுத்தைப் பார்த்து, உரக்கச் சொல்லி, மணலில் விரலால் எழுதி, ஒலி ஒலியாகப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சியைத் தொடர்ந்து அளித்தால் நல்ல முன்னேற்றம் வரும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஆசிரியரும் பொறுமையும் நேரமும்தான் வேண்டும். நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் ஆசிரியரிடம் அந்த நேரத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது அதன் 16ஆவது பிரிவு. அரசு நடத்தும் பள்ளிகளை மட்டுமன்றி, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளையும் அது குறிக்கிறது. ஆகவே "வேறு பள்ளி பாருங்கள்" என்று சொல்லி டிசியை நீட்டுவதை, ஏதோ பெற்றோர் நலன் கருதிய அறிவுரைபோல நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

சென்னையில் வழிகாட்ட ஆளில்லாமல் இல்லை. 1990களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. அரசுப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களின் எண்ணிக்கைதான் போதாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் கட்டணத்தையும் வேன் நேரத்தையும் கேட்பதோடு, இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் தனித்தனியாகச் சோதிப்பது யார், தடுமாறும் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள் என்பதையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.