கேடயத்தைக் கொடுங்கள், பிள்ளைகளை விடுங்கள்

நேற்றிலிருந்து எல்லோர் ஃபேஸ்புக் பக்கத்திலும் ஓடுகிற அந்த நினைவு விருது விழாப் புகைப்படத்தைத்தான் சொல்கிறேன். ஒருவர் தன் அப்பா நினைவாக விருது கொடுப்பது நல்ல விஷயம். அதை வாங்கிய ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தை நடத்துகிற அக்காவையும் தெரியும். அவருக்கு இன்னும் நாலு விருது கொடுக்கலாம். என் கேள்வி ஒன்றுதான்: விருது இல்லத்துக்கு என்றால், மேடையில் எதற்குப் பிள்ளைகள்?

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேண்டாம், பார்க்காதீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். வலது ஓரத்தில் ஒரு சிறுமி கேடயத்துக்குப் பின்னால் முகத்தை ஒளிக்கப் பார்க்கிறாள். மோதிரம் போட்ட ஒரு கை அவள் தாடையைப் பிடித்து கேமரா பக்கம் திருப்புகிறது.

இல்லத்துப் பிள்ளையின் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. விழாத் தலைவர் வக்கீலாம். சந்தோஷம்.

பழைய நண்பர்களுக்குத் தெரியும், நான் இல்லத்தில் வளர்ந்தவன். ஏழாவது படிக்கும்போது யாரோ ஒருவரின் நினைவு நாளுக்கு எங்களுக்கு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். விளிம்பில் அவர் பெயரும் தோற்றம், மறைவு தேதிகளும் வெட்டியிருந்தன. மறுநாள் பேப்பரில் படம். அதுவரை வகுப்பில், அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருவன் அந்தப் பேப்பரில் சோற்றுப் பொட்டலம் மடித்துக்கொண்டு வந்தான். அப்புறம் ஐந்து வருஷம் அதே தட்டில்தான் சாப்பிட்டேன்.

‘படம் போட்டால்தானே நன்கொடை வரும்?’ என்பீர்கள். நியாயம்தான், அரிசி கடைக்காரர் சும்மா தரமாட்டார். அக்காவைப் படம் எடுங்கள், சமையல்கட்டை எடுங்கள். பிள்ளைகளை விடுங்கள். ‘மேடைக் கூச்சம் போகுமே’ என்றார் ஒரு ஐயா. உங்கள் பேரனின் கூச்சத்தையும் ‘ஆதரவற்ற குழந்தை’ என்று மைக்கில் கூப்பிட்டுத்தான் போக்குவீர்களா ஐயா? ‘நல்லது செய்தாலும் குறை சொல்கிறான்’ என்பவர்களுக்குப் பதில் இல்லை. அன்ஃபிரெண்ட் பட்டன் இருக்கிறது.

முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த வலிதான் 1954இல் அடையாறில் மருத்துவமனையாக எழுந்தது. அங்கே போகிற எத்தனை பேருக்கு அந்தத் தங்கையின் பெயர் தெரியும்? போக்கிடம் இல்லாத பெண் பிள்ளைகளுக்காக 1930இல் ஔவை இல்லம் தொடங்கியதும் அவர்தான். நினைவு என்றால் அது.

அழைப்பிதழில் ‘குழந்தைகள், இளைஞர் நலனுக்கான விருது’ என்று போட்டிருந்தது. மேடையில் ஒரு இளைஞனும் இல்லை. மீசை முளைத்த பிள்ளை படத்துக்கு எடுப்பாக இருக்காது போல. 18 முடிந்த அன்று நான் ஒரு டிரங்குப் பெட்டியும் அந்தத் தட்டுமாக வெளியே வந்தேன். வெளியேறுகிற பிள்ளைக்குப் பண உதவி தர இன்றைய இளைஞர் நீதிச் சட்டத்தில் 46ஆவது பிரிவு இருக்கிறது. அந்த மண்டப வாடகைக்கு எத்தனை பையன்களுக்கு ரூம் அட்வான்ஸ் கட்டியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

படத்தை எடுத்துவிடுங்கள் என்று விழாக் குழுவுக்கு மெசஞ்சரில் எழுதினேன். கும்பிடு எமோஜி ஒன்று வந்தது. படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.