அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படக்கூடாது

“பழைய ரெக்கார்டு எல்லாமே வினைல்தான், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் புதுசாகிவிடும்” என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். நம் சேலத்து வீடுகளின் பரணில் கிடக்கும், மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டுகள் பெரும்பாலும் வினைல் பிளாஸ்டிக் அல்ல, அரக்கால் ஆனவை. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். மர பாலிஷுக்கு அரக்கை எதில் கரைக்கிறார்கள்? அதே ஸ்பிரிட்டில்தான்! பாட்டு பதிந்திருக்கும் மெல்லிய பள்ளம் கரைந்தால், அதோடு பாட்டும் போய்விடும். பெரியப்பா வீட்டில் அப்படி ஒரு தட்டு பாழானதைப் பார்த்து வயிறு எரிந்தவன் நான்.

டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும். லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே மெதுவாகத் துடைத்து உடனே ஈரத்தை ஒற்றியெடுங்கள். பிளேயரில் போடும் ஊசியும் வேறு: எல்.பி. எனும் வினைல் தட்டுக்கான ஊசி மெல்லியது, 78-இன் அகலப் பள்ளத்தில் அடியில் போய் உரசும். ஏற்காட்டில் வைத்திருப்பவர்கள் பூஞ்சையையும் பாருங்கள், அந்த ஈரக்காற்று லேசுப்பட்டதல்ல.